மருந்தடித்த தும்பை

ஷாமினியை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலை, தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் மங்களத்தின் படம் வந்தது. போன வருஷம் பிள்ளையார் கோயில் அன்னதானத்தில் யாரோ எடுத்தது. கையில் சாம்பார் வாளியோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள். படத்துக்குக் கீழே, ‘இந்த ஆன்ட்டி கொடுக்கும் பச்சிலை எதையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்’ என்று எழுதியிருந்தது. போட்டவன் ஷாமினியின் கணவன் சுரேன். மங்களத்தின் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு.

மங்களம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை மூன்று முறை படித்தாள். கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. ஏனென்றால் சுரேன் சொன்னதில் பொய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் திடலில் அவள்தான் தும்பை பறித்தாள். அவள்தான் பூண்டும் மிளகும் வைத்துத் துவையல் அரைத்தாள். அரைத்த அத்தனையையும் கிண்ணத்தில் போட்டுத் தட்டால் மூடி ஷாமினியின் கையிலேயே கொடுத்ததும் அவள்தான்.

ஷாமினிக்கு முப்பத்திரண்டு வயது. மெங்லெம்பு பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை. எட்டு மணி நேரம் ஏர்கான் குளிரில் நின்று நின்று மூக்கடைப்பு அவளோடு ஒட்டிக்கொண்டது. நெற்றி கனத்து, கன்னம் வலித்து, காலையில் எழும்போதே கண் வீங்கியிருக்கும். கிளினிக் மாத்திரை தூக்கத்தைக் கொடுத்ததே தவிர மூக்கைத் திறக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் மங்களம் ஒரு சட்டி வெந்நீரில் தும்பை இலையைக் கைப்பிடி போட்டு, போர்வையால் மூடி, வேது பிடிக்கச் சொன்னாள். அன்று ராத்திரி ஷாமினி வாயை மூடிக்கொண்டு தூங்கினாள். அதிலிருந்து வாரம் ஒருமுறை வேது, ஒருமுறை துவையல். ஃபேக்டரியில் லீவு எடுப்பது குறைந்தது. சுரேனே இரண்டு தடவை வந்து, “ஆன்ட்டி, அந்தப் புல்லு இருக்கா?” என்று வாங்கிப் போயிருக்கிறான்.

மங்களம் போனை மேசைமேல் வைத்துவிட்டு அவன் வீட்டுக்கு நடந்தாள். சுரேன் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே பேசினான்.

“வேணும்னே செஞ்சிருப்பேனா சுரேன்? இப்பதான்பா தெரியும். எப்படி இருக்கா?”

“எப்படி இருக்கா? வாயெல்லாம் புண்ணு ஆன்ட்டி. தொண்டை வெந்து போச்சு. தண்ணிகூட முழுங்க முடியல. ராத்திரி பூரா வாந்தி. டாக்டரம்மா என்ன சாப்பிட்டாங்கன்னு கேக்குறாங்க. தும்பைன்னு சொல்ல எனக்கே வெக்கமா போச்சு லா. இந்தக் காலத்துல படாங்ல புல்லு பறிச்சுத் திங்கிறோம்னு.”

“அது புல்லு இல்லப்பா.”

“போதும் ஆன்ட்டி. நீங்க போங்க.”

போனாள். அன்றைக்கு அவள் வேலைக்கும் போயிருக்க வேண்டும். ஈப்போவில் ஒரு பள்ளிக்கூடத்தின் கேண்டீனில் காய்கறி நறுக்குகிற வேலை. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கேண்டீன் முதலாளி போன் செய்தார். தாமான் பிள்ளைகள் சிலர் அந்தப் பள்ளியில் படிக்கிறார்கள். படம் அவர் போனுக்கும் போயிருந்தது. “கொஞ்ச நாளைக்கு வராதீங்க மங்களம். எனக்கு உங்க மேல ஒண்ணுமில்ல. ஆனா பேரண்ட்ஸ் கேப்பாங்க” என்றார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று மங்களம் கேட்டாள். அவர் வேறு போன் வருகிறது என்று வைத்துவிட்டார்.

அவள் கணவன் ஐயாவு ஒரு பேரங்காடியில் செக்யூரிட்டி. வேலை முடிந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் எல்லாவற்றையும் கேட்டார்.

“இனிமே அந்தப் படாங் பக்கமே போவாத. நமக்கு எதுக்கு இந்த வம்பு? யாருக்கும் இலையும் வேணாம் தழையும் வேணாம்.”

“முப்பது வருஷமா திங்கிறோம். உங்களுக்கு ஒரு நாளாவது வயித்த வலிச்சிருக்கா?”

“எனக்கு வலிக்கல. அந்தப் புள்ளைக்கு வலிச்சிருக்கே.”

மங்களம் அவருக்குச் சோற்றைப் போட்டு வைத்தாள். ஆனால் அன்று முழுவதும் ஒரு வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டே இருந்தது. வாய்ப்புண். தும்பை கசக்கும். வெறும் வயிற்றில் அதிகம் தின்றால் குமட்டும். வாயைப் புண்ணாக்காது. வாயும் தொண்டையும் வெந்து போவதை அவள் வேறு இடத்தில் பார்த்திருக்கிறாள்.

அந்த இடம் எட்டாங்கட்டைத் தோட்டம். இன்று தாமான் நிற்கிற இதே மண்தான். ரப்பர் மரங்களை வெட்டி, பாதி நிலத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டபோது மங்களம் மருந்தடிக்கும் கூட்டத்தில் இருந்தாள். பதினொரு பெண்கள். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும், பதினாறு லிட்டர் பம்பை முதுகில் கட்டிக்கொண்டு களைக்கு மருந்தடிக்கப் போவார்கள். பதினோரு வருஷம் போனாள். பம்பு ஒழுகி முதுகு வெந்தவர்கள் இருந்தார்கள். நகம் கழன்று விழுந்தவர்கள் இருந்தார்கள். காற்று திரும்பி அடித்து வாயில் மருந்து பட்ட ஒருத்தி, மூன்று நாள் கஞ்சிகூடக் குடிக்க முடியாமல் கிடந்தாள். பிறகு தோட்டம் ஒரு கம்பெனிக்குக் கைமாறியது, தொழிலாளர் லயத்தை இடித்தார்கள், ஜனங்களுக்கு மலிவு வீடு கொடுத்தார்கள். பழைய தோட்டத்தில் மிச்சம் இருப்பது பிள்ளையார் கோயிலும் அதற்கு முன்னால் இருக்கும் படாங்கும்தான். பந்து விளையாடிய திடல். கோயிலின் சுவர்வரைக்கும் கம்பெனி நிலம். யாரும் கவனிக்காத அந்தத் திடலில்தான் தும்பை முழங்கால் உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும்.

தும்பைக்கு அங்கே வருகிறவள் மங்களம் மட்டும் இல்லை. திங்கட்கிழமை பூசைக்குப் பூசாரி பறிப்பார். பூரான் கடித்தால் இலையைக் கசக்கிச் சாற்றைத் தேய்க்க ஓடி வருவார்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் ரொஹானி அக்கா, பேரனுக்குக் கண்ணில் கட்டி வந்தால் நாலு இலை கொண்டு போவாள். மலாய்க்காரர்கள் கண்கட்டியையும் கெத்தும்பிட் என்கிறார்கள், தும்பையையும் கெத்தும்பிட் என்கிறார்கள்.

புதன்கிழமை காலை மங்களம் படாங்குக்குப் போனாள். கோயில் மூலையில் வந்ததும் நின்றுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பச்சையாக இருந்த செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. இலை ஓரம் மஞ்சளாகி, நடுவில் பழுப்புப் புள்ளி விழுந்திருந்தது. பூக்கள் சுருங்கி, ஈரக் காகிதம் காய்ந்தது மாதிரி தண்டில் ஒட்டியிருந்தன. நோய் வந்த செடி இப்படிச் சாகாது. நோய் என்றால் இங்கே ஒன்று அங்கே ஒன்றாக வரும். இது பட்டை பட்டையாக, ஒரு ஆள் கையை வீசி நடக்கிற அகலத்தில், நேர்க்கோட்டில் செத்திருந்தது. ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் நடுவில், பம்பு முனை எட்டாத இடத்தில் மட்டும் ஒரு முழம் பச்சை.

மங்களம் அங்கேயே குந்தி உட்கார்ந்தாள்.

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை அவள் பறிக்கும்போதே செடிமேல் மருந்து இருந்திருக்கிறது. அது காய்ந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. இலை வாட மூன்று நாள், நாலு நாள் ஆகும். மருந்து அடித்த நிலத்தில் சிவப்புக் கொடி நட வேண்டும், பலகை வைக்க வேண்டும், இத்தனை நாளைக்கு யாரும் இறங்கக் கூடாது என்று எழுத வேண்டும். அவள் காலத்தில் தோட்டத்துத் துரைகளே மனசில்லாமலாவது கொடி நட்டார்கள். இங்கே ஒரு குச்சிகூட இல்லை. ஜனங்கள் நடக்கிற, பிள்ளைகள் விளையாடுகிற, சாமிக்குப் பூ பறிக்கிற திடலில் விஷத்தை அடித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவள் அதை அள்ளிக் கொண்டு போய் அரைத்து, ஒரு பெண்ணுக்குச் சோற்றோடு கொடுத்திருக்கிறாள். பிள்ளையாருக்கும் அன்று காலை அதையே பறித்துச் சாத்தியிருக்கிறாள்.

மூன்று நாளாக அவளுக்குள் இருந்த பயம் அப்போது போனது. அது இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

மூன்று செடிகளை வேரோடு பிடுங்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து, இன்னொரு பையில் சுற்றி, நேராக பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஷாமினி கண் விழித்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. பேச முடியாமல் கையை மட்டும் நீட்டினாள். மங்களம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, “உனக்கு நான் கொடுத்தது தும்பை இல்லடி. தும்பை மேல இருந்த மருந்து” என்றாள். அதற்குள் சுரேன் எழுந்து அவள் முன்னால் வந்து நின்றான். அவன் வாயைத் திறப்பதற்குள் வார்டு டாக்டர் வந்துவிட்டாள். பெயர் அனுஜா. சிறிய பெண்தான், ஆனால் கண் நிதானமாக இருந்தது.

“இந்த அம்மாதான் அந்த இலை கொடுத்தவங்க” என்றான் சுரேன்.

“நீங்கள் சொல்லுங்கோ அம்மா” என்றாள் அனுஜா.

மங்களம் சொன்னாள். பையைக் காட்டினாள். டாக்டர் அதைத் திறக்காமல், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“ரிப்போர்ட்டில என்ன எழுதியிருக்கீங்க?” என்று மங்களம் கேட்டாள்.

“மூலிகை உட்கொண்டதால் ஏற்பட்ட நச்சு என்று.”

“யாரு சொன்னது?”

“இவர்தான் தும்பை என்று சொன்னார். நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை.” பையை இறக்கி, “கேட்டிருக்க வேணும். அது என் பிழைதான்” என்றாள் அனுஜா.

டாக்டர் ஒருத்தி தன் பிழை என்று சொல்லி மங்களம் கேட்டதே இல்லை. செடியையும் ஷாமினியின் ரத்தத்தையும் சோதனைக்கு அனுப்புவதாகவும், பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிச் சந்தேகம் என்று ரிப்போர்ட்டில் சேர்ப்பதாகவும் அனுஜா சொன்னாள். “ஆனால் நாள் கடந்துவிட்டது. ரத்தத்தில் ஒன்றும் அகப்படாமல் போகலாம். அதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.” அவளே மங்களத்தை போலீஸ் ரிப்போர்ட் போடச் சொன்னாள்.

மங்களம் அன்று சாயங்காலமே போலீஸ் பாலாய்க்குப் போய் ரிப்போர்ட் போட்டாள். சுரேன் கூட வரவில்லை. குழுவிலிருந்து படத்தையும் எடுக்கவில்லை. அவனுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை கோயில் பலகையில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கம்பெனி ஒட்டியது. ‘அண்மையில் குடியிருப்பாளர் ஒருவர், தனிநபர் கொடுத்த அங்கீகாரமற்ற நாட்டு மருந்தால் பாதிக்கப்பட்டதை வருத்தத்துடன் அறிகிறோம். பொதுமக்களின் பாதுகாப்பைக் கருதித் திடல் முழுவதும் வேலி அமைத்து மூடப்படும். ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கோயில் மண்டபத்தில் விளக்கக் கூட்டம்.’

மங்களம் இரண்டு தடவை படித்தாள். தனிநபர் என்றால் அவள். அவர்கள் விஷம் அடித்தார்கள், அவள் பேரைச் சொல்லி வேலி போடுகிறார்கள். இத்தனை வருஷமாக எடுக்க முடியாமல் இருந்த திடலை எடுத்துக்கொள்ள, ஷாமினியின் வாய்ப்புண் அவர்களுக்கு உதவிக்கு வந்திருக்கிறது.

கோயில் தலைவர் தர்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டார். லோரி வைத்துப் பிழைப்பவர், கெட்டவர் இல்லை.

“அக்கா, ஞாயித்துக்கிழமை நீங்க வர வேணாம். நான் பேசிக்கிறேன். கம்பெனிய பகைச்சுக்கிட்டா அடுத்து கோயிலத்தான் கை வைப்பான். இப்பயே சுவரு அவங்க நிலத்துல ஒரு அடி இருக்குன்னு சொல்றான்.”

“என் பேருல வேலி போடுறான் தர்மா. நான் வராம?”

“உங்க பேரு அதுல இல்லையே.”

“படம் குழுவுல இருக்கு. பேரு எதுக்கு?”

தர்மா தலையைச் சொறிந்தார். “சண்டை மட்டும் போட்டுறாதீங்க.”

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மண்டபத்தில் அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். கம்பெனியின் நில நிர்வாகி தனேஸ்வரன் வந்திருந்தார். நாற்பது வயது, தைப்பிங்காரர், சட்டையில் கம்பெனிச் சின்னம். கணினிப் படங்களைச் சுவரில் காட்டி, வேலி எவ்வளவு உயரம், எந்த நிறம் என்று விளக்கினார். எல்லாருக்கும் பெட்டிப் பானமும் கறிபப் பலகாரமும் கொடுத்தார். ஷாமினி முதல்நாள்தான் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளும் சுரேனோடு பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

மங்களம் எழுந்தாள்.

“சார், ஒரு கேள்வி. நேத்து இல்ல, அதுக்கு முந்தின சனிக்கிழமை படாங்ல யாரு மருந்து அடிச்சது?”

“யாரும் அடிக்கல அம்மா. அது சும்மா கிடக்கிற நிலம். எங்க வேலைத் திட்டத்துலயே இல்ல.”

“அப்ப ஏன் செத்துச்சு?”

“களைதானே அம்மா. வெயில்ல காஞ்சிருக்கும்.”

“வாரா வாரம் மழை பெய்யுது. வெயில்ல காஞ்சுச்சா?” அவள் செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டாள். “வாங்க சார். எல்லாரும் வாங்க. இங்கருந்து இருபதடிதான். வந்து பாத்துட்டு அப்புறம் வேலி போடுங்க.”

தனேஸ்வரன் சிரித்துக்கொண்டே தர்மாவைப் பார்த்தார். தர்மா தரையைப் பார்த்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, தர்மாவே முதலில் எழுந்து நடந்தார். கூட்டம் பின்னால் போனது.

திடலில் இப்போது செத்த பட்டைகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. வைக்கோல் நிறம், நடுவில் பச்சைக் கோடு, மறுபடி வைக்கோல் நிறம். கூட்டத்திலிருந்து யாரோ “அடேய்” என்றார்கள்.

மங்களம் நடந்துகொண்டே பேசினாள். குரல் உயரவில்லை.

“சாலையோரமா ஆரம்பிச்சிருக்கான். பாருங்க, இங்க கோடு நேரா இருக்கு. தெம்பா இருந்திருக்கான். இதுதான் முதல் பம்பு. இந்த இடத்துல தீந்து போச்சு, கோடு பாதியில நிக்குது. அந்த வாய்க்கா கிட்ட போயி தண்ணி ரொப்பியிருக்கான். வாங்க காட்டுறேன்.” வாய்க்கால் பாலத்தின் ஓரத்தில் தட்டு அகலத்துக்குப் புல் கருகி, மண் தெரிந்தது. “இங்கதான் மருந்த கலக்கியிருக்கான். கொட்டியிருக்கு. இந்தத் தண்ணிதான் கீழ ரொஹானி அக்கா வீட்டுப் பின்னால போவுது. அவங்க கங்கோங் கீரை போட்டிருக்காங்க.”

ரொஹானி அக்கா தமிழ் புரியாமலே வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ அவளுக்கு மலாயில் சொன்னார்கள்.

“ரெண்டாவது பம்பு. கோடு வளையுது. தோள் வலி. மூணாவது பம்புல பட்டையும் சின்னதாயிருச்சு, கை வீச முடியல. முகத்துக்கு மறைப்பு இல்லாதவன் காத்த பாத்துப் பாத்து இப்படித்தான் திரும்பித் திரும்பி அடிப்பான். இது எப்படி எனக்குத் தெரியும்னு கேட்டீங்கன்னா, பதினோரு வருஷம் இதே மண்ணுல நான் அடிச்சிருக்கேன்.” அவள் கோயில் சுவர் பக்கம் திரும்பினாள். “இங்க பாருங்க. சுவத்து மேலயே அடிச்சிருக்கான். பாசி செத்திருக்கு. சாமிக்குப் பூ பறிக்கிற இடம் தம்பி இது. இதையாவது விட்டிருக்கலாம்ல? ஒரு எல்லை வேணாமா?”

“அம்மா, அவன் பங்களாதேஷ் ஆளு, புதுசு. எல்லை தெரியாம அடிச்சிட்டான்” என்றார் தனேஸ்வரன்.

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது.

“யாரும் அடிக்கலைன்னு சொன்னீங்க சார்” என்றார் தர்மா.

“நான் சொல்ல வந்தது என்னன்னா—”

அவர் சொல்ல வந்தது கூச்சலில் அமுங்கிப் போனது. அறுபது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என் பிள்ளை இங்கே வெறுங்காலில் விளையாடினான் என்றாள் ஒருத்தி. ரெண்டு நாளாக என் ஆடு தின்னவில்லை என்றான் ஒருவன். சுரேன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். தனேஸ்வரனை அடிக்கப் போகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவன் மங்களத்திடம்தான் வந்தான்.

“ஆன்ட்டி, நீங்க பதினோரு வருஷம் மருந்து அடிச்சவங்க. பறிக்கிறப்ப வாசம் தெரியலையா? மருந்து நாறுமே.”

அவன் குற்றம் சாட்டவில்லை. அவனுக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

“எனக்கு மூக்கு வேலை செய்யாது சுரேன்” என்றாள் மங்களம். “மருந்துக் கூட்டத்துல நாலாவது வருஷமே போயிருச்சு. தினம் ரத்தம் வரும். அப்புறம் ரத்தம் நின்னுச்சு, வாசமும் நின்னுச்சு. நீ வீட்டுல மீன் பொரிச்சாலும் தெரியாது, கேஸ் கசிஞ்சாலும் தெரியாது. நாத்தம் தெரிஞ்சிருந்தா அந்த இலைய தொட்டிருப்பேனா? அப்ப என் மூக்க எடுத்தானுங்க. இப்ப அதே மருந்த என் கையாலயே உன் பொண்டாட்டிக்கு ஊட்ட வச்சானுங்க.”

சுரேன் போனை எடுத்தான். அவள் முன்னாலேயே குழுவைத் திறந்து அந்தப் படத்தை அழித்தான். அவசரத்தில் முதல்முறை வேறெதையோ அழித்துவிட்டான். “எழுதுறேன் ஆன்ட்டி. நான் சொன்னது தப்புன்னு அதே இடத்துல எழுதுறேன்” என்றான். அவள் தலையாட்டினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அன்றைக்கு அவளுக்கு அது வரவில்லை.

தனேஸ்வரன் காரை நோக்கி நடந்தார். அந்த வேலையாளை உடனே அனுப்பிவிடுவதாகப் போகிற போக்கில் சொன்னார். மங்களம் கார் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“அவன எதுக்கு அனுப்புறீங்க? அவன் பங்களாதேஷ்லருந்து வந்து உங்க படாங்க கண்டுபிடிச்சு அவனா அடிச்சானா? அடிக்கச் சொன்னது நீங்க. கொடி நடாதது நீங்க. முகமூடி கொடுக்காததும் நீங்க. அந்தப் பையன நீங்க வேலையில இருந்து தூக்குனீங்கன்னு கேள்விப்பட்டேன்னா, அடுத்த ரிப்போர்ட்டு அதுக்கும் போடுவேன்.”

அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேலி வரவில்லை. மறுநாளே மூன்று மொழியில் எச்சரிக்கைப் பலகை வந்தது. ஒன்பது நாள் தாமதமான பலகை. அனுஜா ரிப்போர்ட்டைத் திருத்திக் கொடுத்தாள். ஆனால் அவள் பயந்த மாதிரியே ரத்தத்தில் ஒன்றும் அகப்படவில்லை. செடியில் இருந்தது. கம்பெனியின் வக்கீல், செடியில் இருந்ததற்கும் ஷாமினி சாப்பிட்டதற்கும் தொடர்பு இருப்பதாக யாராலும் நிரூபிக்க முடியாது என்று கடிதம் எழுதினார். மங்களத்துக்கு அதைப் படித்துக் காட்டியபோது, “நிரூபிக்க அந்தப் புள்ள செத்திருக்கணுமா?” என்று கேட்டாள். கேண்டீன் முதலாளி திரும்ப வரச் சொன்னார். தன்னை ஏன் வேலையிலிருந்து நிறுத்தினார் என்பதைப் பெற்றோர் முன்னாலேயே சொன்னால் வருவதாக மங்களம் சொன்னாள். அவர் இரண்டு வாரம் யோசித்துவிட்டுச் சொன்னார். அவள் போனாள்.

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை கம்பெனி லோரி கோயில் முன்னால் வந்து நின்றது. பன்னிரண்டு பூந்தொட்டிகள் இறங்கின. தனேஸ்வரன் கேமராக்காரர் ஒருவரோடு வந்திருந்தார். சமூக நல்லுறவுக்காகக் கோயில் வாசலில் மூலிகைத் தோட்டம் ஒன்றைக் கம்பெனி அன்பளிப்பாகத் தருகிறது என்றும், மங்களம் அம்மா முதல் தொட்டியைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். தொட்டிக்குத் தொட்டி அழகான பலகை. ‘தும்பை. பாரம்பரிய மூலிகை.’ கீழே கம்பெனிச் சின்னம்.

மங்களம் தொட்டியைப் பார்த்தாள். பளபளவென்ற நீள்வட்ட இலை, தட்டையாக ஐந்து இதழ் விரித்த வெள்ளைப் பூ. தொட்டியைச் சுற்றி ஒருதரம் வந்து பார்த்தாள். பிறகு தனேஸ்வரனைப் பார்த்தாள்.

“தம்பி, இது என்ன?”

“தும்பை அம்மா. கேமரன் மலை நர்சரியில சொல்லி வச்சு வாங்கினது.”

“இது நித்தியகல்யாணி. சுடுகாட்டுல வைக்கிற பூ. விஷம். தும்பைன்னு பலகைய நம்பி எவளாவது இதப் பறிச்சுத் துவையல் அரைச்சா, இந்தத் தடவ ஆஸ்பத்திரியோட நிக்காது.”

கேமராக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார். தனேஸ்வரன் முகத்தில் ரத்தம் ஏறியது. நர்சரியில் வெள்ளைப் பூ என்று சொல்லித்தான் கேட்டார்களாம்.

“நீங்க கொன்னது எதுன்னு உங்களுக்கே தெரியல” என்றாள் மங்களம். “ஒரு படாங் பூரா இருந்துச்சு. ஒருதரமாவது குனிஞ்சு பாத்திருக்கலாம். பலகைய புடுங்குங்க. உங்க ஆளு இல்ல, நீங்க புடுங்குங்க.”

தர்மாவும், பூசாரியும், வாசல் கூட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தனேஸ்வரன் பன்னிரண்டு தொட்டிக்கும் குனிந்து, பன்னிரண்டு பலகையையும் பிடுங்கினார். தொட்டிகள் திரும்ப லோரி ஏறின.

அன்று மத்தியானம் ஷாமினி மங்களத்தின் வீட்டுக்கு வந்தாள். சுரேன் கொடுத்தனுப்பிய டுரியான் பழம் ஒன்றை மேசைமேல் வைத்தாள். விவசாய இலாகாவுக்கு இன்னொரு புகார் எழுதலாம் என்று மங்களம் சொல்லியிருந்தாள். ஷாமினி போனைத் திறந்து தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். மருந்து அடித்தது, பலகை இல்லாதது, வாய்க்கால் தண்ணீர், எல்லாம் வரிசையாக வந்தது. தொட்டி விஷயத்துக்கு வந்ததும் விரலை நிறுத்தினாள்.

“ஆன்ட்டி, இத ‘தவறுதலாக’ன்னு போடவா?”

“தவறுதலா இல்ல.”

“அப்ப ‘தெரியாமல்’னு போடவா?”

மங்களம் எட்டிப் போனைப் பார்த்தாள்.

“‘தெரிஞ்சுக்க அக்கறை இல்லாமல்’னு போடு” என்றாள். “எழுத்து எல்லாம் சரியா இருக்கான்னு ஒருதரம் படிச்சுக் காட்டு.”